விண்ணப்பத்தில் "முதலாளியின் பெயர்" என்ற இடத்தில் யார் பெயரை எழுதுவது? வீட்டில் பனியன் வேலை செய்யும் பெண்களின் கூலி குறித்து

நொய்யல்மகள் எழுதியது:

என் அம்மாவும் எங்கள் தெருவைச் சேர்ந்த இன்னும் எட்டுப் பெண்களும் அவிநாசிக்கு அருகில் உள்ள எங்கள் ஊரில் வீட்டிலிருந்தபடியே பனியன் வேலை செய்கிறார்கள். குழந்தைகள் உடுப்புகளில் பிசிர் வெட்டுவது, பட்டனைச் சரிபார்த்து மடிப்பது, உறையில் போட்டு ஸ்டிக்கர் ஒட்டுவது ஆகியவையே வேலை. வாரத்தில் மூன்று நாள் ஒருவர் சிறு வேனில் பண்டில்களைக் கொண்டுவந்து இறக்குவார். மறுநாள் மாலை எண்ணி எடுத்துச் செல்வார். அவருடைய முழுப்பெயர்கூட அம்மாவுக்குத் தெரியாது. ஏஜென்ட் என்றுதான் எல்லாரும் அழைப்பார்கள்.

சென்ற ஆண்டு செப்டம்பரிலிருந்து நான்கு மாதக் கூலி பாக்கி. அம்மாவுக்கு மட்டும் 11,400 ரூபாய் வர வேண்டும். பொங்கலுக்குத் தருவதாகச் சொன்னவர் பொங்கலுக்குப் பிறகு கைபேசியை எடுப்பதில்லை. ஸ்டிக்கரில் இருந்த ஏற்றுமதி நிறுவனத்தின் வாசலுக்கு நானும் அம்மாவும் போனோம். "உங்கள் பெயர் எங்கள் பதிவேட்டில் இல்லை, கொடுத்தவரிடம் கேளுங்கள்" என்று காவலாளியை வைத்தே சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

தொழிலாளர் துறையில் மனுக் கொடுக்கலாம் என்று ஒருவர் விண்ணப்பத்தின் மாதிரி கொடுத்தார். அதில் முதலாளியின் பெயர், முகவரி என்று ஓர் இடம் இருக்கிறது. அந்த ஒரு வரியில்தான் இரண்டு வாரமாக நின்றுகொண்டிருக்கிறேன்.

வழக்குக்கட்டு எழுதியது:

சகோதரி, நீங்கள் நின்றுகொண்டிருக்கும் அந்த வரியில்தான் இந்திய தொழிலாளர் சட்டமும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நின்றுகொண்டிருக்கிறது. ஆகவே சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மா சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாதவர் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், தொழிலாளி யார் என்பதற்குத் தந்த விளக்கத்திலேயே, பிறருடைய வியாபாரத்துக்காகப் பொருளை வாங்கித் தம் வீட்டிலோ, கொடுத்தவரின் கட்டுப்பாட்டில் இல்லாத வேறோர் இடத்திலோ தைத்து, துவைத்து, அலங்கரித்து, முடித்துக் கொடுப்பவரையும் சேர்த்திருந்தது. பிசிர் வெட்டுவதும் மடிப்பதும் அந்த 'முடித்துக் கொடுப்பது' என்ற சொல்லுக்குள் தாராளமாக அடங்கும். எண்ணிக்கைக் கூலியாக இருந்தாலும், நாள் கணக்கில் விதித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருந்தது.

அடுத்து வந்த சட்டம்தான் கதவைச் சாத்தியது. 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் மிகப் பெரிய பயன், ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்காமல் போனால் முதன்மை முதலாளி, அதாவது யாருக்காக அவர் ஆள் வைத்து வேலை வாங்கினாரோ அவர், கொடுத்துவிட்டுப் பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு. உங்களுக்கு இன்று தேவைப்படுவது சரியாக அதுதான். ஆனால் அந்தச் சட்டம், 1948-இல் உள்ளே அழைத்த அதே வெளிவேலைக்காரரை, ஏறக்குறைய அதே சொற்களைக் கொண்டே விவரித்து, இவர் தொழிலாளி அல்ல என்று விலக்கிவிட்டது. ஒரு சட்டம் கூலியைத் தந்தது. கூலிக்குப் பொறுப்பான பெரிய கையைக் காட்டவில்லை. மற்றொரு சட்டம் பெரிய கையைக் காட்டியது. வீட்டில் இருப்பவளைக் காண மறுத்தது. உங்கள் வாசல் காவலாளி சொன்ன வாக்கியம் இந்த இடைவெளியில் பிறந்ததுதான்.

நீதிமன்றங்கள் சட்டத்தைவிடச் சற்று முன்னே நடந்திருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். 1973-இல் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில், எண்ணிக்கைக் கூலிக்குத் தைப்பவர்களும், சில சமயம் துணியை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தைப்பவர்களும் அந்தக் கடையின் தொழிலாளர்களே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சரியில்லாத தையலைத் திருப்பித் தைக்கச் சொல்லும் உரிமை கடைக்காரரிடம் இருந்தது என்பதை அது முக்கியமாக எடுத்துக்கொண்டது. ஆகவே உங்கள் பண்டிலில் எது தேறும், எது தேறாது என்று தீர்மானித்தவர் யார் என்பதை முதலில் எழுதி வையுங்கள். ஏஜென்டா, நிறுவனத்தின் செக்கிங் பிரிவா?

தென்காசிக்காரி எழுதியது:

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பீடி சுற்றுகிறார்கள். மேலே உள்ளதைப் படித்ததும் எனக்கு ஓர் ஆத்திரமும் வந்தது, ஓர் ஆச்சரியமும் வந்தது. எங்கள் அம்மாவும் வாசல் திண்ணையில் உட்கார்ந்துதான் வேலை செய்தார். இலையும் தூளும் நூலும் கடைக்காரர் கொடுத்தார்; சுற்றிய பீடியை அவரே எண்ணி எடுத்தார், கழித்தார். பனியனுக்கும் பீடிக்கும் இதில் என்ன வேறுபாடு இருக்கிறது? ஆனால் அம்மாவுக்குச் சுற்றிய பீடியின் கணக்கு ஏறும் பாஸ் புத்தகம் இருந்தது, வருங்கால வைப்பு நிதி எண் இருந்தது, பீடித் தொழிலாளர் மருந்தகத்துக்குப் போகும் அட்டை இருந்தது. பீடி சுற்றும் பெண்ணுக்கு 1966-லேயே கொடுத்ததைப் பனியன் மடிக்கும் பெண்ணுக்கு இன்றுவரை ஏன் கொடுக்கவில்லை?

வழக்குக்கட்டு எழுதியது:

இந்த இழையின் நடுக்கேள்வி இதுதான், அம்மா. 1966-ஆம் ஆண்டின் பீடி மற்றும் சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டில் இருந்து சுற்றுபவரைத் தொழிலாளி என்று பெயர் சொல்லிச் சேர்த்தது. ஒப்பந்தக்காரருக்குப் பின்னால் நிற்பவரை முதன்மை முதலாளி என்று வரையறுத்தது. வீட்டுவேலைக்காரருக்குக் கொடுக்கும் மூலப்பொருள், கழிக்கப்பட்ட பீடி, அதற்கான கூலி ஆகியவற்றில் எழும் தகராறுகளைத் தீர்க்க ஓர் அதிகாரியையும் அமைத்தது. நூற்றுக்கு ஐந்துக்கு மேல் சாதாரணமாகக் கழிக்கக் கூடாது என்றுகூடச் சில மாநில விதிகள் எண்ணைக் குறிப்பிட்டன. கழிவுதான் கூலியைக் களவாடும் வழி என்பதை அந்த விதியை எழுதியவர் நன்றாக அறிந்திருந்தார் போலும்.

அந்தச் சட்டம் வானத்திலிருந்து விழவில்லை. 1964-இல் திவான் மொகிதீன் சாகிபு நிறுவனத்தின் வழக்கு நம் மதராஸ் தொழில் தீர்ப்பாயத்திலிருந்துதான் உச்ச நீதிமன்றம் போனது. இடைத்தரகர்கள் தனி வியாபாரிகள் என்று காகிதத்தில் எழுதியிருந்தாலும், உண்மையில் அவர்கள் நிறுவனத்தின் கிளை மேலாளரைப் போன்றவர்களே, பீடி சுற்றுபவர்கள் நிறுவனத்தின் தொழிலாளர்களே என்று தீர்ப்பு வந்தது. பிறகு 1985-இல் பி.எம். படேல் வழக்கில், வீட்டில் சுற்றுபவர்களும் வைப்பு நிதிச் சட்டத்தின்படி தொழிலாளர்களே என்று முடிவானது. மேற்பார்வையாளர் வீட்டுக்கு வந்து தலைமாட்டில் நிற்க வேண்டியதில்லை, முடிந்த பொருளைக் கழிக்கும் உரிமையே கட்டுப்பாடு என்பது அதன் சாரம்.

பீடிக்கு ஏன், பனியனுக்கு ஏன் இல்லை என்றால், என் கணிப்பு இது. பீடித் தொழிலில் வீட்டுவேலைதான் தொழிலே. அதை விட்டுவிட்டுச் சட்டம் எழுதவே முடியாது. பனியனிலோ தொழிற்சாலை கண்ணுக்குத் தெரிகிறது, வீடு தெரிவதில்லை. சங்கங்களும் பெரும்பாலும் தொழிற்சாலை வாசலோடு நின்றுவிட்டன. 1984-இல் பஞ்சப்படிக்காக, அதாவது விலைவாசி ஏற்றத்துக்கு ஈடான படிக்காக, 127 நாள் வேலைநிறுத்தம் நடத்திய ஊர் திருப்பூர். ஆனாலும் பிசிர் வெட்டும் பெண்ணின் ரேட் கூலி ஒப்பந்தப் பேச்சில் பெரிதாக இடம்பெறவில்லை.

தென்காசிக்காரி எழுதியது:

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், பீடிச் சட்டத்தைப் பார்த்து யாரும் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக. பாஸ் புத்தகம் அம்மாவின் பெயரில் இருந்தது. அந்தப் புத்தகத்தில் சித்தியும் நானும் சேர்ந்து சுற்றிய பீடியும் ஏறியது. புத்தகம் இல்லாத பெண்கள் புத்தகம் உள்ளவர்களின் நிழலில் வேலை செய்தார்கள். கடைக்காரருக்கு அது லாபம், மூன்று பேருக்குப் பதில் ஒருவருக்கு மட்டும் வைப்பு நிதி கட்டினால் போதும். சட்டம் இருந்தது என்பதால் எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. ஆனாலும் புத்தகம் இருந்ததால்தான் சண்டை போட ஒரு காகிதம் இருந்தது.

பன்னிரண்டு மெஷின் எழுதியது:

நான் திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட், அதாவது எக்ஸ்போர்ட்டரின் துணியை வாங்கிக் கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் பட்டறை, நடத்துகிறேன். இங்கே என்னைத் திட்டுவதற்கு முன் நான் சொல்வதையும் கேளுங்கள். நானும் பிசிர் வெட்டவும் மடிக்கவும் வெளியே பண்டில் கொடுத்திருக்கிறேன், மறைக்கவில்லை. எக்ஸ்போர்ட்டர் எனக்குப் பணம் தர மூன்று மாதம், சில சமயம் நான்கு மாதம் ஆகிறது. சரக்குக் கப்பல் ஏறிய பிறகு தரக்குறைவு என்று ஒரு டெபிட் நோட் அனுப்பி, பேசிய தொகையில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தப் பிடித்தம் என் தலையில் விழுகிறது. என் தலையிலிருந்து, உண்மையைச் சொன்னால், அந்தப் பெண்களின் தலையில் விழுகிறது. அம்மிணி சொல்லும் ஏஜென்டும் ஏமாற்றுக்காரராக இல்லாமல், கைப்பணம் முடங்கி ஓடியவராகவும் இருக்கலாம்.

சட்டம் கடுமையானால் முதலில் மாட்டுபவன் என்னைப் போன்றவன்தான். மேலே இருப்பவருக்கு வழக்கறிஞர் இருக்கிறார்.

சாயப்பட்டறை எழுதியது:

கூலியை ஏற்றினால் ஆர்டர் பங்களாதேசுக்குப் போய்விடும். இதை எத்தனை முறை சொல்வது?

யாரா நதிக்கரை எழுதியது:

நான் மெல்பர்னில் இருக்கிறேன். இங்கே புலம்பெயர்ந்த பெண்களுக்கான சட்ட உதவி மையம் ஒன்றில் சில ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தேன். பன்னிரண்டு மெஷின் ஐயா சொன்னதற்கு ஆஸ்திரேலியா கண்ட விடை இந்த இழைக்குப் பயன்படலாம்.

1980-களில் இறக்குமதி வரி குறையத் தொடங்கியபோது இங்கிருந்த உடுப்புத் தொழிற்சாலைகள் மூடப்பட்டு, வேலை வியட்நாமியப் பெண்களும் சீனப் பெண்களும் வாழ்ந்த வீடுகளின் கார் கொட்டகைகளுக்குப் போனது. 1995-இல் உடுப்புத் தொழிற்சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டு, நாடு முழுவதும் சுமார் 3,29,000 பேர் இப்படி வேலை செய்வதாக மதிப்பிட்டது. எண்ணைப் பற்றித் தகராறு செய்தவர்கள் உண்டு, ஆனால் நிலைமையைப் பற்றி யாரும் தகராறு செய்ய முடியவில்லை. மறு ஆண்டு தேவாலயங்களும் சமூக அமைப்புகளும் சங்கமும் சேர்ந்து ஃபேர்வேர் என்ற இயக்கத்தைத் தொடங்கின. நிறுவனங்கள் தாமாக முன்வந்து கையெழுத்திடும் நன்னடத்தை நெறி வந்தது. கையெழுத்திட்டவர்கள் பலர், கடைப்பிடித்தவர்கள் சிலர். பிறகுதான் சட்டத்தின் பக்கம் திரும்பினார்கள்: நியூ சவுத் வேல்ஸ் 2001-இல், விக்டோரியா 2003-இல், கடைசியில் 2012-இல் நாடு முழுவதற்குமான திருத்தம்.

அந்த 2012 திருத்தம் செய்தது இரண்டு காரியம். ஒப்பந்தக்காரர் என்று எந்தக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தாலும், வீட்டில் தைப்பவர் பெரும்பாலான விஷயங்களில் தொழிலாளியாகவே கருதப்படுவார். அடுத்தது, கூலி வராவிட்டால் அவர் தமக்கு வேலை கொடுத்தவரை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. அவருக்கு மேலே உள்ளவரிடம், அதற்கும் மேலே உள்ளவரிடம் என்று வேலை இறங்கி வந்த படிக்கட்டில் ஏறிப் போய்க் கேட்கலாம். கோரிக்கையை எழுத்தில் கொடுத்தால் போதும். இந்த வேலை தமக்காக நடக்கவில்லை என்றோ, கூலி ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது என்றோ மெய்ப்பிக்க வேண்டியது மேலே இருப்பவர் பொறுப்பு. கூலியைக் கொடுத்துவிட்டுத் தமக்குக் கீழே உள்ளவரிடம் வசூலித்துக்கொள்ளலாம். ஆகவே ஐயா, அங்கே மாட்டுபவர் நடுவில் இருப்பவர் மட்டும் அல்ல. உங்களுக்குப் பணம் தராமல் இழுப்பவருக்கும் அது நட்டமாக முடியும் என்ற பயம் வருகிறது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். தயாரிப்பைக் கட்டுப்படுத்தும் உரிமை எதுவும் இல்லாமல் முடிந்த பொருளை வாங்கி விற்பவர் என்று காட்டும் சில்லறைக் கடைக்காரரை அந்த வசூல் ஏற்பாடு தொடாது. கடல் தாண்டித் தைக்கும் பெண்ணை அது அறவே தொடாது. இங்கே கடைகளில் தொங்கும் உடுப்பில் பெரும்பகுதி இன்று வெளிநாட்டில் தைத்தது என்னும்போது, அந்தச் சட்டம் காக்கும் வட்டம் சிறியது.

வேலையைக் கொடுப்பவர் ஒவ்வோர் உருப்படிக்கும் எத்தனை நிமிடம் ஆகும் என்று பதிவில் எழுத வேண்டும் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விதி. ரேட் எவ்வளவு என்று பேசும்போது பெண்கள் தோற்றுவிடுகிறார்கள். நிமிடம் எவ்வளவு என்று பேசினால் கணக்கு தானாக வெளியே வந்துவிடும். எளிமைக்காக ஒரு கற்பனைக் கணக்கு போடுகிறேன். எட்டு மணி நேர நாள்கூலி 480 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு ஒரு ரூபாய். ஒரு சட்டையின் பிசிரை வெட்டி மடிக்க இரண்டு நிமிடம் ஆனால் இரண்டு ரூபாய் கொடுக்க வேண்டும். 60 காசு கொடுத்தால், இடுப்பு நிமிராமல் எட்டு மணி நேரம் வேலை செய்த பெண்ணுக்குக் கிடைப்பது 144 ரூபாய். நொய்யல்மகள், உங்கள் அம்மாவுக்கு ரேட் என்ன, ஒன்றுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு நாள் கடிகாரம் வைத்துப் பாருங்கள்.

நொய்யல்மகள் எழுதியது:

பார்த்தேன். இங்கே எழுதக் கூசுகிறது. உங்கள் கற்பனைக் கணக்கைவிடக் கீழே இருக்கிறது. அதிலும், சில நாள் தங்கையும் பள்ளிவிட்டு வந்து உதவியிருக்கிறாள், அந்த நிமிடங்களை நான் சேர்க்கவில்லை. கத்தரியும் விளக்கு வெளிச்சமும் எங்கள் செலவு.

வழக்குக்கட்டு எழுதியது:

அந்த விளக்கு வெளிச்சத்தையும் கணக்கில் எடுக்கச் சொன்ன ஆவணம் ஒன்று உண்டு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் வீட்டுவேலை குறித்த 177-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அகமதாபாத்தின் பெண் தொழிலாளர் சங்கமான சேவாவும் அதை நிறுவிய இலா பட்டும் அதற்காக நெடுங்காலம் உழைத்தவர்கள். அதனுடன் வந்த 184-ஆம் பரிந்துரை, மின்சாரம் போன்ற செலவை வீட்டில் வேலை செய்பவருக்கு ஈடுகட்ட வேண்டும் என்றும், இடைத்தரகர் இருந்தால் அவரும் முதலாளியும் கூட்டாகவும் தனித்தனியாகவும் கூலிக்குப் பொறுப்பாக வேண்டும் என்றும் சொல்கிறது. இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்று உறுதி செய்யவில்லை. ஆஸ்திரேலியாவும் செய்யவில்லை என்பது வேடிக்கை.

இனி உங்கள் மனுவுக்கு வருவோம். 2025 நவம்பர் 21 அன்று, பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றாகத் திரட்டிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்பு இருக்கிறது. அதில் நல்லதும் உண்டு. கூலி கேட்டு மனுச் செய்ய முன்பு ஆறு மாதம், இப்போது மூன்று ஆண்டு. கூலி கொடுத்தாயிற்று என்று மெய்ப்பிக்க வேண்டியவர் முதலாளி. வேலைக்கு அமர்த்தியவர் கொடுக்காவிட்டால் நிறுவனத்தின் உரிமையாளர் பொறுப்பு என்று 43-ஆம் பிரிவு சொல்கிறது. தவறு எங்கே என்றால், 1948-இல் இருந்த வெளிவேலைக்காரர் என்ற சொல் புதிய விளக்கத்தில் காணாமல் போய்விட்டது. வீட்டிலிருந்து வேலை செய்பவர் என்ற சொல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் வருகிறது; ஆனால் அங்கே அவர் அமைப்புசாராத் தொழிலாளியாக, நலத்திட்டத்துக்கு உரியவராக வருகிறாரே தவிர, குறிப்பிட்ட ஒரு முதலாளியிடம் கூலி கேட்க உரியவராக வரவில்லை. நல வாரிய அட்டை வேண்டியதுதான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் முதலாளியின் கடனை அரசின் உதவித்தொகையால் அடைக்க முடியாது.

உங்கள் கூலியில் ஒரு பகுதி அந்தத் தேதிக்கு முந்தியது, ஒரு பகுதி பிந்தியது. ஆறு மாதக் கெடு பற்றி யாரும் வாதம் செய்ய இடம் கொடுக்காமல், விரைவில் மனுவைக் கொடுத்துவிடுங்கள். முதலாளி என்ற இடத்தில் இருவர் பெயரையும் எழுதுங்கள்: வேலையைக் கையில் கொடுத்தவர் ஒன்று, யாருடைய வியாபாரத்துக்காகச் செய்தீர்களோ அந்த நிறுவனம் மற்றொன்று.

சான்றுக்கு ஒரு வழி சொல்கிறேன். சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தில், ஜாப் ஒர்க்குக்குத் துணியை வெளியே அனுப்பும்போது டெலிவரி சலான், அதாவது யார் யாருக்கு என்ன அனுப்பினார் என்ற சீட்டு, கூடவே போக வேண்டும். ஒருவரிடமிருந்து இன்னொரு ஜாப் ஒர்க்கரிடம் போனாலும் அந்தத் துணிக்குக் கணக்கு வைக்க வேண்டிய பொறுப்பு அனுப்பிய முதன்மையாளருடையது என்று 143-ஆம் பிரிவு சொல்கிறது. துணி எந்தெந்தக் கை மாறியது என்பதற்கு இந்த நாட்டில் கணக்கு இருக்கிறது. மாறிய கைகளுக்குத்தான் இல்லை. ஆகவே பழைய பண்டில் கட்டிய அட்டை, ஸ்டைல் எண் உள்ள ஸ்டிக்கர், வேனில் வந்த சலான், வாட்ஸ்அப்பில் வந்த குரல் செய்தி எதையும் எறிந்துவிடாதீர்கள்.

பன்னிரண்டு மெஷின் ஐயாவுக்கு ஒரு சொல்: உங்கள் யூனிட் சிறு, குறு தொழிலாகப் பதிவாகியிருந்தால் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி எக்ஸ்போர்ட்டர் உங்களுக்கு 45 நாளுக்குமேல் பாக்கி வைக்கக் கூடாது, வைத்தால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம்.

பன்னிரண்டு மெஷின் எழுதியது:

தெரியும் ஐயா. கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்பதும் தெரியும். அந்தப் பெண்களும் இதையேதான் நினைத்துக்கொண்டு என் வாசலுக்கு வராமல் இருந்திருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

சாயப்பட்டறை நண்பருக்கு: பிசிர் வெட்டும் கூலி ஒரு உடுப்பின் விலையில் எவ்வளவு என்று நான் காஸ்டிங் ஷீட் (அடக்கவிலைக் கணக்கு) போடுபவன், எனக்குத் தெரியும். அதை இரட்டிப்பாக்குவதால் மட்டும் எந்த பையரும் நாடு மாற மாட்டான்.

நொய்யல்மகள் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்த பழைய பண்டில் ஒன்றில் மடித்துச் செருகிய சலான் கிடைத்தது. அனுப்பியவர் என்ற இடத்தில் அந்த ஏற்றுமதி நிறுவனத்தின் பெயர், பெறுபவர் என்ற இடத்தில் ஏஜென்டின் முழுப்பெயரும் முகவரியும். அம்மா அந்தப் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

மனுவில் இரண்டு பெயரையும் எழுதினேன். ஒன்பது பேரில் ஏழு பேர் கையெழுத்திட்டார்கள். மீதி இரண்டு பேரைக் குறை சொல்ல மாட்டேன். வேறொரு வேன் எங்கள் தெருவுக்கு வரத் தொடங்கியிருக்கிறது, கையெழுத்திட்டவர் வீட்டில் அது நிற்காது என்று பேச்சு. நிமிடக் கணக்கை ஒரு தாளில் எழுதி மனுவோடு இணைத்திருக்கிறேன். எழுத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை யார் போட்டது என்று மட்டும் கேட்டார்.

இருவருக்கும் நோட்டீஸ் போயிருக்கிறது. விசாரணை வரும் வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு. அன்று போக வரப் பேருந்துக்கும், ஒரு நாள் வேலை போவதற்கும் என்ன செய்வது என்று அம்மா இரவெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.